மதவெறியைக் கண்டித்தால் அது இனவெறியா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு விவாதத்தில் இரண்டு விஷயங்கள் பேசியிருக்கிறீர்கள். ஒன்று: "மதத்தை நிந்தித்தவனைக் கொல்லலாம் என்று போதிக்கிறவர்களை எந்த நாடும் விட்டுவைக்கக் கூடாது." இன்னொன்று: "அந்த மதத்துக்காரர்கள் தங்களுக்குள் இருக்கும் தீவிரவாதிகளை ஏன் கண்டிப்பதே இல்லை?" எதிரே இருந்தவர் "இது இனவெறி" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார். மதம் மனிதன் ஏற்றுக்கொள்வது, இனம் பிறப்பால் வருவது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்பது உங்கள் கேள்வி.

முதல் வாக்கியத்தில் இனவெறி துளியும் இல்லை. இரண்டாவதில் அதற்குப் போகிற வழி இருக்கிறது. "மதம் இனம் அல்லவே" என்ற உங்கள் வாதம் முதலாவதுக்குத் தேவையே இல்லை. இரண்டாவதைக் காப்பாற்ற அது போதாது.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். சட்டம் எழுதியவர்கள் இதே கேள்வியோடு பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1962-இல் ஐ.நா. பொதுச்சபை இரண்டு வேலைகளைத் தனித்தனியாக ஆரம்பித்தது. இனப் பாகுபாட்டுக்கு எதிராக ஓர் உடன்படிக்கை, மத சகிப்பின்மைக்கு எதிராக ஓர் உடன்படிக்கை. முதலாவது 1965-இல் நிறைவேறியது, 1969-இல் நடைமுறைக்கு வந்தது. இனம், நிறம், வம்சாவளி, தேசியப் பூர்வீகம், இனக்குழுப் பூர்வீகம் என்று ஐந்து அடிப்படைகளை அது சொல்கிறது. மதம் அதில் இல்லை. இரண்டாவது வேலை இழுத்துக்கொண்டே போய் 1981-இல் ஒரு பிரகடனமாக மட்டும் வந்தது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக அது இன்றுவரை ஆகவில்லை.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே 1976-இன் இன உறவுச் சட்டத்திலும் மதம் கிடையாது. ஒரு தனியார் பள்ளியில் தலைப்பாகையோடு வரும் சீக்கியச் சிறுவனைச் சேர்க்க முடியாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வழக்கு நடந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், சீக்கியம் மதம்தானே, இனம் இல்லையே என்று கைவிரித்தது. 1983-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது. நீண்ட பொது வரலாறும் தனக்கென்று ஒரு பண்பாட்டு மரபும் உள்ள சமூகம், அதன் தொடக்கம் மதமாகவே இருந்தாலும், இனக்குழுதான் என்பது தீர்ப்பு. இதனால் சீக்கியர்களுக்கும் யூதர்களுக்கும் இனச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இல்லை என்ற விசித்திர நிலை பல வருடம் இருந்தது.

அந்த ஓட்டையை அடைக்க 2006-இல் மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. வந்த சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. இன வெறுப்பைத் தூண்டும் குற்றத்துக்கு இழிவுபடுத்தும் பேச்சே போதும். மத வெறுப்புக்கோ மிரட்டும் பேச்சு இருக்க வேண்டும், தூண்டும் நோக்கமும் நிரூபணமாக வேண்டும். போதாததற்கு, ஒரு மதத்தை விவாதிப்பதும் விமர்சிப்பதும் கேலி செய்வதும் வசைபாடுவதும்கூட இந்தச் சட்டத்தால் தடைபடாது என்று ஒரு பிரிவையே சேர்த்தார்கள். கொள்கையைத் திட்டுவது வேறு, பிறப்பைத் திட்டுவது வேறு என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த சட்டங்கள் குறைவு.

இங்கேயே நிறுத்தினால் நீங்கள் ஜெயித்த மாதிரி. நிறுத்த முடியாததற்குக் காரணம் 1449-இல் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் நடந்தது.

வரிக்கு எதிரான கலகம் ஒன்றில் நகரத்தைக் கைப்பற்றியவர்கள் ஒரு விதி போட்டார்கள். யூத வம்சாவளியினர் கிறிஸ்தவர்களாக மாறியிருந்தாலும் நகரத்தில் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது. விதியின் குறி யூத மதத்தின்மேல் இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், சிலர் பிறக்கும்போதே கிறிஸ்தவர்கள், அவர்கள்தான் குறி. அவர்களிடம் யாரும் "நீ எதை நம்புகிறாய்" என்று கேட்கவில்லை. "உன் தாத்தா யார்" என்று கேட்டார்கள். அதே ஆண்டு போப் ஐந்தாம் நிக்கோலஸ் இதைக் கண்டித்தார். ஞானஸ்நானம் பெற்றவர் எல்லாரும் ஒன்று என்பது அவர் நிலைப்பாடு. மதத்தின் தலைவரே மதம் என்பது நம்பிக்கைதான் என்கிறார், மதத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் இல்லை, அது ரத்தம் என்கிறார்கள். கடைசியில் ரத்தம் ஜெயித்தது. "ரத்தத் தூய்மை" விதிகள் பேராலயங்களுக்கும் கல்லூரிகளுக்கும் படைவீரர் சபைகளுக்கும் பரவின. 1609 முதல் 1614 வரை, முஸ்லிம் வம்சாவளியினர் சுமார் 3 லட்சம் பேரை ஸ்பெயின் நாடு கடத்தியது. அவர்களுடைய குடும்பங்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக ஞானஸ்நானம் பெற்றவை.

ஜெர்மனியின் 1935 நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர் யார் என்று தீர்மானித்தது தாத்தா பாட்டிகளை எண்ணித்தான். நால்வரில் மூவர் யூதர் என்றால் நீங்களும் யூதர். நாத்திகரா, கிறிஸ்தவரா என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. யூதக் குடும்பத்தில் பிறந்த தத்துவ அறிஞர் எடித் ஸ்டைன் 1922-இல் கத்தோலிக்கரானார், 1933-இல் கர்மேல் மடத்தில் சேர்ந்தார். 1942 ஆகஸ்டில் நெதர்லாந்தில் கைதாகி ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். துறவி உடை அவரைக் காப்பாற்றவில்லை.

எனக்கு இதிலிருந்து கிடைக்கிற அளவுகோல் இது. ஒரு கருத்தை நான் எதிர்க்கிறேன் என்றால், அந்தக் கருத்தை ஒருவர் கைவிட்டதும், அல்லது அவருக்கு அந்தக் கருத்து முதலிலிருந்தே கிடையாது என்று தெரிந்ததும், என் எதிர்ப்பு அவரை விட்டு விலக வேண்டும். விலகவில்லை, "இவர்கள் நடிக்கிறார்கள், உள்ளுக்குள் எல்லாரும் ஒன்றுதான்" என்று அது மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது என்றால், அந்த எதிர்ப்புக்குக் கருத்தோடு சம்பந்தமே இல்லை. பெயரில் மதம் இருந்தாலும் வேலை செய்வது இனவெறி.

இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. குறி தவறும்போது அது வெளியே தெரியும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் அடிபட்டவர்களில், கொல்லப்பட்டவர்களிலும்கூட, சீக்கியர்கள் இருந்தார்கள். தலைப்பாகை, தாடி, மாநிறம், அவ்வளவுதான் அடித்தவர்கள் பார்த்தது. 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்து ஓக் கிரீக் குருத்வாராவில் வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டதில் ஆறு பேர் அன்றே இறந்தார்கள். ஏழாமவர் அந்தக் காயங்களோடு படுக்கையில் கிடந்து 2020-இல் இறந்தார். உண்மையிலேயே ஒரு கொள்கைமேல் கோபம் என்றால் அந்தக் கொள்கை யாருடையது என்பதாவது தெரிந்திருக்கும். ("அவர்கள் முஸ்லிம்கள் அல்ல, சீக்கியர்கள்" என்று அப்போது பலர் விளக்கம் சொன்னார்கள். முஸ்லிம்களாக இருந்திருந்தால் சுட்டது சரி என்ற மாதிரி ஒலிக்கிறது என்பதால் சீக்கிய அமைப்புகள் பலவும் அந்த விளக்கத்தையே தவிர்த்தன. எனக்கு அது மிகவும் பிடித்த தெளிவு.)

இனி உங்கள் இரண்டாவது வாக்கியம். "ஏன் கண்டிப்பதே இல்லை?"

இதில் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று தகவல் பிழை. ஐ.எஸ். இயக்கம் கிலாஃபத் என்ற இஸ்லாமிய ஆட்சியை அறிவித்த 2014-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பரில், பல நாடுகளைச் சேர்ந்த 120-க்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் அதன் தலைவர் பக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மார்க்க நூல்களைக் கொண்டே அவருடைய ஒவ்வொரு செயலையும் மறுத்த நீளமான கடிதம். தீவிரவாதி வெட்டும் காணொளி உலகத்தைச் சுற்றும் வேகத்தில் இப்படி ஒரு கடிதம் சுற்றாது. கேட்காதது நம் காதின் குறை, அவர்கள் வாயின் குறை அல்ல.

இன்னொன்று பெரிய பிழை. இலங்கையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அது விளங்கும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தேவாலயங்களிலும், கொழும்பில் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தலைமை தாங்கியவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம். இந்த மனிதரைப் பற்றி முதலில் எச்சரித்தவர்கள் யார்? காத்தான்குடி முஸ்லிம்கள். அவருடைய பேச்சு அங்கே சூஃபி வழியைப் பின்பற்றுகிறவர்களைத்தான் முதலில் குறிவைத்தது. அவர்கள் முஸ்லிம்களே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2017 மார்ச்சில் இரு தரப்புக்கும் மோதல் நடந்தது, ஸஹ்ரான் தலைமறைவானார். உள்ளூர் முஸ்லிம்கள் அவரைக் கைது செய்யச் சொல்லி வீதியில் இறங்கினார்கள், அதிகாரிகளுக்கு முறைப்பாடு கொடுத்தார்கள். தீவிரவாதத்தின்மேல் வைக்கப்பட்ட விமர்சனம்தான் இது, அதுவும் பெயர், முகவரியோடு வைக்கப்பட்ட விமர்சனம். அதை யாராவது இனவெறி என்று சொல்ல முடியுமா? அரசு இயந்திரம் அன்றே அதற்குக் காது கொடுத்திருந்தால் 2019 ஏப்ரல் வேறு மாதிரி போயிருக்கலாம்.

குண்டு வெடித்த பிறகு "தீவிரவாதத்தை எதிர்க்கிறோம்" என்று கிளம்பியது வேறொரு கூட்டம். மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு ரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு செய்தித்தாள் செய்தி வெளியிட்டது. மருத்துவர் கைதானார். விசாரித்த குற்றப் புலனாய்வுத் துறை ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. அந்தக் குற்றச்சாட்டைக் கவனியுங்கள். ஸஹ்ரானின் போதனைக்கும் மகப்பேற்று மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு? எதுவுமில்லை. "அவர்கள் பெருகுகிறார்கள், நம்மைக் குறைக்கிறார்கள்" என்ற பயம் ஏற்கெனவே இருந்தது; குண்டுவெடிப்பு அதற்கு ஒரு சாக்கு. பிள்ளைப்பேறு, கருப்பை, மக்கள்தொகை என்று பேச்சு எப்போது திரும்புகிறதோ அப்போது விவாதத்தில் மதம் இல்லை, ரத்தம்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைப் புதைக்க விடாமல் கட்டாயமாக எரித்ததும் அதே ஓட்டத்தில் வந்ததுதான். புதைப்பதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் 2021 பிப்ரவரி வரை அந்த விதி நீடித்தது.

காத்தான்குடியில் 2017-இல் ஸஹ்ரானைக் கண்டித்தவரும் 2019-க்குப் பிறகு சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார். "ஏன் கண்டிக்கவில்லை" என்று அவரையும் கேட்டார்கள். நான் சொன்ன பெரிய பிழை இதுதான். ஒருவர் செய்த குற்றத்துக்கு, அதே பெயர் வரிசையில் பிறந்த இன்னொருவர் முதலில் கைகட்டி நின்று கணக்குச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது. நீங்கள் அந்த எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் கேள்வியின் அமைப்பு அதுதான்.

இதுவரை படித்தவர், ஆக மதத் தீவிரவாதத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது என்று முடிவெடுத்துவிடக் கூடாது. "இனவெறி" என்ற குற்றச்சாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒளிந்துகொள்வதால் அடிபடுவது பெரும்பாலும் அதே மதத்துக்குள் இருக்கும் மாற்றுக் குரல்கள்.

2011 ஜனவரி 4. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தசீரை அவருடைய சொந்தப் பாதுகாவலரே சுட்டுக் கொன்றார். மத நிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்ற கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபிக்காகத் தசீர் பேசியதும், அந்தச் சட்டத்தையே குறை சொன்னதும்தான் காரணம். கொலையாளி நீதிமன்றத்துக்கு வந்தபோது வழக்கறிஞர்கள் சிலர் அவர்மேல் ரோஜா இதழ்களைத் தூவினார்கள். கொன்றவரும் முஸ்லிம், கொல்லப்பட்டவரும் முஸ்லிம், இருவரும் பஞ்சாபில் வாழ்ந்தவர்கள். இதில் இனம் எங்கே வருகிறது? இரண்டு மாதத்தில், மார்ச் 2 அன்று, அதே சட்டத்தை எதிர்த்த மத்திய அமைச்சர் ஷாபாஸ் பட்டியையும் கொன்றார்கள். ஆசியா பீபியை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 அக்டோபரில். இந்தியாவில் நரேந்திர தபோல்கர், கோவிந்த் பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் என்று 2013-க்கும் 2017-க்கும் இடையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களும், தாங்கள் பிறந்து வளர்ந்த சமூகத்தின் மூடநம்பிக்கையையும் மதவாதத்தையும் கேள்வி கேட்டவர்கள்தான்.

பாகிஸ்தானில் இது நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஐ.நா.வில் வேறொரு முயற்சி நடந்தது. 1999-இல் தொடங்கி 2010 வரை, ஏறக்குறைய ஆண்டுதோறும், "மத அவதூறு"க்கு எதிரான தீர்மானங்களை இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் நாடுகள் கொண்டுவந்தன. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தது பாகிஸ்தான். அந்தத் தீர்மானங்களில் மத அவதூறும் இனவெறியும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மதத்தைக் குறை சொல்வது மனிதரை இழிவுபடுத்துவதற்குச் சமம் என்று ஆக்கிவிட்டால், மத நிந்தனைச் சட்டத்துக்கு மனித உரிமைச் சாயம் பூசிவிடலாம் அல்லவா? கடைசி வருடங்களில் ஆதரவு குறைந்துகொண்டே வந்தது. 2011 மார்ச்சில் மனித உரிமைக் கவுன்சில் 16/18 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியபோது மையம் மாறியது. மதத்துக்கு அல்ல, மதத்தின் பெயரால் தாக்கப்படும் மனிதருக்குப் பாதுகாப்பு. அதே ஆண்டு ஐ.நா. மனித உரிமைக் குழு, வன்முறையையோ பாகுபாட்டையோ தூண்டும் பேச்சு நீங்கலாக, மத நிந்தனையைக் குற்றமாக்கும் சட்டங்கள் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைக்கு முரணானவை என்று விளக்கம் கொடுத்தது.

நல்லெண்ணத்தோடு இதே தவறைச் செய்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் வெறுப்புக் குழுக்களைக் கண்காணிக்கும் தென்புல வறுமைச் சட்ட மையம் 2016-இல் "முஸ்லிம் எதிர்ப்புத் தீவிரவாதிகள்" என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் மாஜித் நவாஸ் பெயர் இருந்தது. அவர் முஸ்லிம், முன்பு ஒரு தீவிர இஸ்லாமிய அரசியல் இயக்கத்தில் இருந்து வெளியேறி, அதை எதிர்த்து வேலை செய்துகொண்டிருந்தவர். 2018-இல் அந்த மையம் மன்னிப்புக் கேட்டு 33 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவருடைய மற்ற கருத்துகளோடு உடன்படுவதும் படாததும் வேறு. ஒரு முஸ்லிம் முஸ்லிம் தீவிரவாதத்தைக் கண்டித்தால் அவர் முஸ்லிம் எதிரி என்றால், அந்தச் சமூகத்துக்குள் யார்தான் வாய் திறப்பது? தீவிரவாதிதான் அந்தச் சமூகத்தின் அசல் பிரதிநிதி என்று நாமே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விவாதங்களில் அநேகமாக யாரும் எடுப்பதில்லை. பல நேரங்களில் மதத் தீவிரவாதமே இனவெறியாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு வெள்ளையரின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை பைபிளிலிருந்தே நியாயம் எடுத்துக் கொடுத்தது. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டணி, அந்த நியாயப்படுத்தல் விசுவாசத்துக்கே துரோகம் என்று அறிவித்து, இரண்டு வெள்ளைத் திருச்சபைகளை இடைநீக்கம் செய்தது. இஸ்ரேலில் யூத மதகுருவும் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த மெயிர் கஹானே மதத்தின் பெயரால் அரபுகளை வெளியேற்றச் சொன்னார், யூதர்களும் யூதரல்லாதவர்களும் மணந்துகொள்வதைத் தடுக்கச் சட்ட முன்வடிவு கொண்டுவந்தார். அவர் முன்வடிவுகளை நியூரம்பெர்க் சட்டங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டியவர் ஓர் இடதுசாரி அல்ல, வலதுசாரி லிக்குட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் மைக்கேல் ஐத்தான். இனவெறியைத் தூண்டும் கட்சிகள் போட்டியிட முடியாது என்று 1985-இல் சட்டத்தைத் திருத்தி, 1988 தேர்தலில் கஹானேவின் காக் கட்சியைத் தடுத்தார்கள். 1994 பிப்ரவரியில் அவருடைய சீடர் ஒருவர் ஹெப்ரானில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு அந்த இயக்கத்தையே பயங்கரவாத அமைப்பாக அறிவித்தார்கள். இப்போது கஹானேவின் வழியைக் கண்டிக்கிறவரை யூத வெறுப்பாளர் என்றால், அந்தப் பழியில் இஸ்ரேலின் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் சேர்ந்தே வரும்.

கொள்கையையும் மனிதரையும் பிரித்துப் பேச முடியுமா, அது ஏட்டுச் சுரைக்காய்தானே என்று கேட்பீர்கள். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் அம்பேத்கர் பேசியதைச் சொல்கிறேன். பார்ப்பனியம் உங்கள் எதிரி என்றார். அடுத்த மூச்சிலேயே, பார்ப்பனியம் என்று தான் சொல்வது ஒரு சமூகமாகப் பார்ப்பனர்களின் அதிகாரத்தையோ சலுகைகளையோ அல்ல, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றை மறுக்கும் மனப்பான்மையை என்றார். அதைத் தொடங்கிவைத்தவர்கள் அவர்கள்தான், ஆனால் அது இன்று எல்லா வகுப்பாரிடமும் பரவிக் கிடக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். விமர்சனத்தின் காரத்தை அவர் ஒரு துளியும் குறைக்கவில்லை. யார் தொடங்கியது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளி தன் சாதிக்குக் கீழே இருப்பவனை நடத்தும் விதமும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டது. பிறப்பைத் திட்டுகிற பேச்சால் இதைச் செய்ய முடியாது; அது பேசுகிறவரையும் கேட்கிறவரையும் எப்போதும் சுத்தமானவர்களாகவே விட்டுவைக்கும்.

"உன் மதத் தீவிரவாதத்தை மட்டும் ஏன் பேசவில்லை?" என்ற எதிர்க்கேள்வி உங்களிடமும் வந்திருக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் பேசிவிட்டுத்தான் ஒன்றைப் பேச வேண்டும் என்றால் யாரும் எதையும் பேச முடியாது. தசீர் பாகிஸ்தானைப் பற்றித்தான் பேசினார், தபோல்கர் மகாராஷ்டிரத்தைப் பற்றித்தான். ஆனால் பெரும்பான்மையில் இருப்பவர், ஆட்சியும் காவலும் தன் பக்கம் இருக்க, சிறுபான்மையின் தீவிரவாதத்தை மட்டும் இருபது வருடம் பேசுகிறார் என்றால் ஒரு புருவம் உயரத்தான் செய்யும். அது தீர்ப்பு அல்ல, சந்தேகம் மட்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க நான் பார்ப்பது, அவர் என்ன பரிகாரம் கேட்கிறார் என்பதை. நோய் இன்னது என்று சொல்லும்போது எல்லாரும் நியாயமாகவே பேசுவார்கள். மருந்து கேட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பரில் புதிய பள்ளிவாசல் கோபுரங்களைத் தடை செய்யப் பொது வாக்கெடுப்பு நடந்தது. பிரசாரச் சுவரொட்டியில் கோபுரங்கள் கொடிக்குள்ளிருந்து ஏவுகணைகள் மாதிரி எழுந்து நிற்கும். 57.5 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நாடு முழுவதிலும் அப்போது இருந்தவை நான்கே கோபுரங்கள். தீவிரவாதப் போதகர் ஒருவரைக்கூட அந்தத் தடை தொடவில்லை, எந்த நிதியையும் நிறுத்தவில்லை. எல்லா முஸ்லிம்களையும் ஒரே அளவில் தொட்டது.

லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலில் நடந்தது இதற்கு நேர் எதிர். அபூ ஹம்ஸா என்ற போதகர் அதைத் தன் பிடியில் வைத்திருந்தார். அங்கே வழக்கமாகத் தொழுதவர்களே அவரை வெளியேற்றப் போராடிக்கொண்டிருந்தார்கள். 2003 ஜனவரியில் காவல்துறை உள்ளே போய்ச் சோதனை போட்டது. 2005-இல் உள்ளூர் முஸ்லிம்கள் புதிய நிர்வாகக் குழு அமைத்துப் பள்ளிவாசலை மீட்டுக்கொண்டார்கள். 2006 பிப்ரவரியில் நீதிமன்றம் அபூ ஹம்ஸாவுக்கு ஏழு ஆண்டு சிறை விதித்தது. கொலைக்குத் தூண்டியது முக்கியக் குற்றம். கூடவே, யூதர்களுக்கு எதிராகப் பேசியதற்காக, இன வெறுப்பைத் தூண்டிய குற்றமும் நிரூபணமானது.

2017 ஜூனில் ரமலான் இரவுத் தொழுகை முடிந்து அதே வட்டாரத்தில் நின்றவர்கள்மேல் ஒருவன் வேனை ஏற்றினான். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ஒரு பாலியல் குற்றக் கும்பலைப் பற்றிய தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்து அவனுக்கு முஸ்லிம்கள்மேல் கோபம் மூண்டது என்று வழக்கில் வெளிவந்தது. குற்றம் உண்மையாகவே நடந்தது, அதன்மேல் கோபப்படலாம். ஆனால் அவன் வேனை ஏற்றியது அந்தக் கும்பலின்மேல் அல்ல. கூட்டம் அவனை அடிக்கப் பாய்ந்தபோது அங்கிருந்த இமாம் குறுக்கே நின்று, காவல்துறை வரும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டார். 2018-இல் அவனுக்குக் குறைந்தது 43 ஆண்டுகள் என்ற நிபந்தனையோடு ஆயுள் தண்டனை கிடைத்தது.